சர்வோ ஏன் உதறுகிறது? கோத்தகிரி ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவார்கள். தலையில் கம்பளிக் குல்லா, கையில் அர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்பலகை. அவர்களும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரும், குன்னூர், கூடலூர்ப் பக்கத்திலிருந்து தொலைபேசியில் அழைப்பவர்களும் கேட்பதில் பாதிக்கு மேல், சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டார் சங்கதிதான். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, எழுதி வைக்கிறேன். நிரல் எழுதும் பாடத்தை இதில் தேட வேண்டாம். கம்பியையும் மின்சாரத்தையும் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். என் மேசைக்கு வந்த கோளாறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருந்தன.

"அக்கா, சர்வோ உதறுகிறது. அது திரும்பும்போது அர்டுயினோவும் அணைந்து அணைந்து எரிகிறது. நிரலில் எங்கே தவறு?"

நிரலை மூடி வையுங்கள். தவறு அங்கே இல்லை.

எல்லோரும் முதலில் வாங்கும் அந்தச் சின்ன நீலநிற எஸ்ஜி90 வெறும் 9 கிராம் எடை. சும்மா நிற்கும்போது சுமார் 10 மில்லியாம்பியர் மின்னோட்டம் போதும் அதற்கு. சுமை இல்லாமல் திரும்பினால் 100 முதல் 250 வரை. ஆனால் கிளம்பும் கணத்திலும், எதிலாவது முட்டி நிற்கும்போதும் 600, 700 மில்லியாம்பியரை இழுத்துவிடும். நின்ற வண்டியை நகர்த்தத்தான் பெரிய தள்ளு வேண்டும். உருளத் தொடங்கிவிட்டால் ஒற்றைக் கை போதும். மோட்டாரும் அப்படித்தான்.

கணினியின் யூஎஸ்பி துளை வழக்கமாகத் தருவது 500 மில்லியாம்பியர். அர்டுயினோ யூனோ பலகையிலேயே அதே அளவுக்கு ஒரு ஃபியூஸ் இருக்கிறது. அந்த எல்லையில் சர்வோ திடீரென்று இழுத்தால் 5 வோல்ட் சரிந்துவிடும். சரிந்ததும் பலகையின் மூளை மயங்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. நிரலின் முதல் வரி என்ன சொல்கிறது? 'சர்வோவே, தொடக்க நிலைக்குப் போ.' சர்வோ மீண்டும் இழுக்கிறது. பலகை மீண்டும் மயங்குகிறது. இந்தச் சுழற்சியைத்தான் நீங்கள் உதறல் என்கிறீர்கள்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 4.9 வோல்ட் சுகமாகக் காட்டும். நம்பாதீர்கள். சரிவு சில மில்லிவினாடிகளில் முடிந்துவிடும். மீட்டர் அதைப் பிடிக்குமுன் மின்னழுத்தம் எழுந்து நின்றுவிடும். கைபேசியில் மெதுவோட்டப் படம் எடுத்து, பலகையில் எப்போதும் எரியும் சிறு விளக்கைக் கவனியுங்கள். சர்வோ கிளம்பும் ஒவ்வொரு முறையும் அது கண் சிமிட்டினால் குற்றவாளி மின்சாரம்.

கோழிக்கூண்டுக்குத் தானியங்கிக் கதவு செய்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், மூன்று வாரம் நிரலை மட்டுமே திருத்திக்கொண்டிருந்தான். பதினான்கு பதிப்புகள். பழைய கைபேசி சார்ஜர் ஒன்றைச் சர்வோவுக்குத் தனியாகக் கொடுத்தோம்; முதல் பதிப்பே ஓடியது. அவன் முகத்தில் மகிழ்ச்சியைவிட எரிச்சல்தான் அதிகம் தெரிந்தது.

அப்படியானால் அர்டுயினோவின் 5 வோல்ட் முனையில் ஒரு சர்வோகூட இணைக்கக் கூடாதா?

எஸ்ஜி90 ஒன்றை, சுமை எதையும் தூக்க வைக்காமல், யூஎஸ்பி வழியாகச் சோதித்துப் பார்க்கலாம். வகுப்பில் முதல் நாள் நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். இரண்டாவது சர்வோ வந்தாலோ, ஒரு கதவையோ ரோபோக் கையையோ தூக்க வைத்தாலோ அதை மறந்துவிடுங்கள்.

வட்டத் துளையில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் பலம் கூடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். நடப்பது நேர்மாறு. யூனோவில் இருக்கும் சீராக்கி, மிச்சமுள்ள 7 வோல்ட்டை வெப்பமாக்கித்தான் 5 வோல்ட்டைத் தருகிறது. 300 மில்லியாம்பியர் எடுத்தால் 2 வாட்டுக்கு மேல் அந்தச் சுண்டைக்காய் அளவுச் சில்லில் சூடாக மாறும். இந்தக் குளிரில் விரல் காய்த்துக்கொள்ள உதவும், சர்வோ ஓட்ட உதவாது.

சர்வோவின் சிவப்புக் கம்பியை 13-ஆம் முனை போன்ற சிக்னல் முனையில் செருகியவர்களும் உண்டு. ஒரு முனை தாங்கும் உச்ச அளவு 40 மில்லியாம்பியர். 20-க்குள் வைத்திருப்பதே நல்லது. அப்படிச் செய்த பலகை பிழைத்தால் அது உங்கள் முன்னோர் செய்த புண்ணியம்.

தனி மின்சாரத்துக்கு எதை வாங்குவது?

வாங்குவதற்கு முன் வீட்டு இழுப்பறையைத் திறந்து பாருங்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று அச்சிட்ட பழைய கைபேசி சார்ஜர் ஒன்று கட்டாயம் கிடைக்கும். எஸ்ஜி90 இரண்டுக்கு அது தாராளம், மூன்றுக்கு எட்டும். யூஎஸ்பி கேபிளை வெட்டி, சிவப்பையும் கறுப்பையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜர் மேல் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். மலிவாக வாங்கிய ஒன்றில் 2 ஆம்பியர் என்று போட்டிருந்தது. இரண்டு சர்வோவைக் கையால் தடுத்துப் பிடித்ததும் 3.9 வோல்ட்டுக்குச் சரிந்தது. நீங்களும் அப்படிச் சோதியுங்கள்: ஓரிரு வினாடிகள் மட்டும் தடுத்துப் பிடித்து மீட்டரைப் பாருங்கள். 4.7-க்குக் கீழே போனால் அந்தச் சார்ஜர் கைபேசிக்கே திரும்பட்டும்.

உலோகப் பற்சக்கரம் கொண்ட எம்ஜி996ஆர் வேறு சாதி. 55 கிராம் எடை. 6 வோல்ட்டில் முட்டி நின்றால் 2.5 ஆம்பியர் கேட்கும். அதற்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் தரும் உலோகப் பெட்டி மின்வழங்கி வாங்குங்கள். அதன் திருகு முனைகளில் 230 வோல்ட் திறந்தபடி இருக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் மூடி போடாமல் வைக்கவே கூடாது. என் வகுப்பில் அதைப் பெரியவர் ஒருவர்தான் இணைப்பார்.

கணக்கு எளிது. எத்தனை சர்வோக்கள் ஒரே நேரத்தில் கிளம்பும்? ஒவ்வொன்றும் முட்டி நிற்கும்போது எவ்வளவு இழுக்கும்? இரண்டையும் பெருக்குங்கள். 'சராசரியாக இவ்வளவுதான் வரும்' என்று குறைத்து வாங்கியவர்கள்தான் எனக்குத் தொலைபேசி செய்கிறார்கள்.

12 வோல்ட் பேட்டரி இருந்தால் எல்எம்2596 சில்லு வைத்த மின்னழுத்தக் குறைப்பிப் பலகை நல்ல துணை. 3 ஆம்பியர் என்று சொல்லப்பட்டாலும் நீண்ட நேரம் ஓட 2 ஆம்பியருக்குள் வைத்திருங்கள். முக்கியமாக, சர்வோவை இணைக்கும் முன்னரே அதன் சிறு திருகைச் சுற்றி 5 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது எந்த வோல்ட்டில் நிற்கும் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

9 வோல்ட் சதுர பேட்டரி போதாதா? வோல்ட் அதிகம்தானே?

போதாது. அது புகை எச்சரிக்கைக் கருவிபோல் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும் கருவிகளுக்கானது. உள்ளே இருப்பது ஆறு சின்னஞ்சிறு செல்கள், உள்தடை அதிகம். ஆம்பியர் கேட்டால் கையை விரித்துவிடும். இந்தப் பேட்டரி போட்ட ரோபோ ஐந்து நிமிடம் ஓடி நிற்கும். பேட்டரியில் 'தரம் இல்லை' என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பாவம் அவர்.

விரல் அளவு பேட்டரி நான்கைத் தொடராகப் போட்டால் 6 வோல்ட். மறுபடி சார்ஜ் ஏற்றும் நிக்கல் வகை நான்கு என்றால் 4.8. இரண்டுமே எஸ்ஜி90-க்கு ஏற்றவை. நிக்கல் வகை ஆம்பியரையும் கூடுதலாகத் தரும். லித்தியம் செல்கள் இரண்டைத் தொடராக நேரடியாகக் கொடுக்காதீர்கள். முழுச் சார்ஜில் அது 8.4 வோல்ட், சின்ன சர்வோ கருகிவிடும்.

பவர் பேங்கில் ஒரு குறும்பு உண்டு. சர்வோ அசையாமல் நிற்கும்போது மின்னோட்டம் மிகக் குறைவதால், 'கைபேசி நிரம்பிவிட்டது' என்று எண்ணிப் பல பவர் பேங்குகள் தாமாக அணைந்துவிடும். காலையில் கோழிகள் கூண்டுக்குள்ளேயே இருக்கும்.

தனி மின்சாரம் கொடுத்தேன். இப்போது சர்வோ பேய் பிடித்ததுபோல் ஆடுகிறது, அல்லது அசையவே இல்லை.

கிரவுண்டை, அதாவது மின்சாரத்தின் எதிர்முனைக் கம்பியை, அர்டுயினோவோடு இணைக்க மறந்துவிட்டீர்கள். பார்க்காமலே சொல்கிறேன்.

சர்வோவுக்கு மூன்று கம்பிகள்: பழுப்பு கிரவுண்ட், சிவப்பு மின்சாரம், ஆரஞ்சு சிக்னல். சில நிறுவனங்களின் சர்வோவில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை. சார்ஜரின் சிவப்பு சர்வோவின் சிவப்புக்கு மட்டும் போகட்டும். அர்டுயினோவின் 5 வோல்ட்டோடு சேர வேண்டாம். ஆனால் சார்ஜரின் கறுப்பு, சர்வோவின் பழுப்பு, அர்டுயினோவின் கிரவுண்ட் மூன்றும் ஓரிடத்தில் கூட வேண்டும். சிக்னல் என்பது கிரவுண்டிலிருந்து அளக்கும் உயரம். குன்னூரில் நிற்பவர் 'பத்தடி உயரம்' என்றால் எந்தத் தரையிலிருந்து என்று உதகையில் இருப்பவருக்குத் தெரிய வேண்டாமா? தரை ஒன்றாக இருந்தால்தான் பேச்சு புரியும்.

சர்வோக்களுக்குப் போகும் கனத்த மின்னோட்டம், பற்றவைக்காமல் கம்பி செருகும் துளைப்பலகையான பிரெட்போர்டு வழியாகப் போகக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெல்லிய ஜம்பர் கம்பியும் பிரெட்போர்டின் பிடிப்பும் சேர்ந்து 0.3 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். 2 ஆம்பியர் பாய்ந்தால் 0.6 வோல்ட் வழியிலேயே காலி. தடித்த கம்பி, திருகு முனை, முடிந்தால் பற்றவைத்த இணைப்பு. பிரெட்போர்டில் சிக்னல் மட்டும் ஓடட்டும்.

மின்தேக்கி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஓரளவு. 470 முதல் 1000 மைக்ரோஃபாரட் வரை, 16 வோல்ட் தாங்கும் மின்தேக்கி ஒன்றைச் சர்வோவுக்குப் பக்கத்தில், சிவப்புக்கும் கிரவுண்டுக்கும் இடையே போடுங்கள். குழாயில் தண்ணீர் சன்னமாக வரும் வீட்டில் குடத்தில் பிடித்து வைப்பதுபோல், கிளம்பும் கணத்தின் திடீர்த் தாகத்தை அது தீர்க்கும். ஊற்றே வற்றிக் கிடந்தால் குடம் என்ன செய்யும்? முதலில் போதிய ஆம்பியர், பிறகு மின்தேக்கி. உடலில் கோடு போட்ட பக்கம் கிரவுண்டுக்கு. மாற்றிப் போட்டால் வெடிக்கும்; எங்கள் கூரைப் பலகையில் ஒரு கறை இன்னும் இருக்கிறது.

சர்வோவுக்குக் கோணம் எப்படித் தெரிகிறது?

உள்ளே ஒரு சின்ன மோட்டார், பற்சக்கர வரிசை, வெளித்தண்டோடு சேர்ந்து சுழன்று, திரும்பிய அளவுக்கேற்பத் தடை மாறும் ஒரு பொட்டன்ஷியோமீட்டர், ஒரு மின்சுற்று. அர்டுயினோ 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்கு 50 தடவை, ஒரு துடிப்பை அனுப்புகிறது. துடிப்பின் நீளம்தான் கட்டளை: 1.5 மில்லிவினாடி என்றால் நடு, 1 என்றால் ஒரு பக்கம், 2 என்றால் மறு பக்கம். பொட்டன்ஷியோமீட்டர் காட்டும் இடமும் கட்டளை சொல்லும் இடமும் ஒன்றாகும்வரை மோட்டார் ஓடும், ஒன்றானதும் நிற்கும். யாராவது சர்வோவின் கையைத் தள்ளினால் மறுபடி ஓடித் தன் இடத்துக்கு வரும்.

கோளாறு பார்க்க இது தெரிந்திருக்க வேண்டும். துடிப்பின் நீளம் சற்று ஆடினால் கோணமும் ஆடும். கிரவுண்ட் கெட்டாலும், சிக்னல் கம்பி மோட்டாரின் மின்கம்பியோடு ஒரு மீட்டர் தூரம் பின்னிக்கொண்டு போனாலும் அதே ஆட்டம்தான்.

180 சொன்னால் 160-இலேயே நிற்கிறது. 0 சொன்னால் கொர்ரென்று இரைகிறது.

எல்லாச் சர்வோவும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. அர்டுயினோவின் சர்வோ நூலகம், அதாவது சர்வோவை இயக்க ஏற்கெனவே எழுதி வைத்த நிரல் தொகுப்பு, 0 பாகைக்கு 544 மைக்ரோவினாடியும் 180-க்கு 2400-உம் அனுப்புகிறது. உங்கள் சர்வோவின் எல்லை வேறாக இருந்தால் உள்ளே இருக்கும் தடுப்பில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த இரைச்சல் அதுதான். முட்டி நிற்கும் மின்னோட்டம் முழுவதும் அப்போது பாய்ந்துகொண்டிருக்கிறது. சில நிமிடங்கள் அப்படி விட்டால் மோட்டார் கருகும்.

கோணத்துக்குப் பதிலாக மைக்ரோவினாடியிலேயே கட்டளை தரும் வசதி நூலகத்தில் உண்டு. 1500-இல் தொடங்கி, இரு பக்கமும் இருபது இருபதாக நகர்த்தி, இரைச்சல் கேட்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்களைச் சர்வோவின் முதுகில் நிரந்தர மையால் எழுதி வையுங்கள். நாங்கள் எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறோம்; காய்கறிக் கடை விலைப்பட்டியல்போல் இருக்கும்.

இஎஸ்பி32, பைக்கோ போன்ற பலகைகள் 3.3 வோல்ட் சிக்னல்தான் தருகின்றன. போதுமா?

5 வோல்ட்டில் ஓடும் சர்வோக்களில் பெரும்பாலானவை ஏற்றுக்கொள்கின்றன. 6 வோல்ட்டுக்கு ஏற்றிய பிறகு முரண்டு பிடித்தால் நடுவில் ஒரு மின்னழுத்த மாற்றிச் சில்லு போடுங்கள். இஎஸ்பி32-இல் 34 முதல் 39 வரையுள்ள முனைகள் உள்ளீட்டுக்கு மட்டுமே. அவற்றில் சர்வோவை இணைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தலையைச் சொறிந்தவள் நான். வைஃபை கிளம்பும்போது அந்தப் பலகையே கொஞ்சம் பசியோடு இருக்கும். 'பிரவுன்அவுட்' என்று திரையில் செய்தி வந்தால் அது மின்னழுத்தம் சரிந்ததன் புகார். முதல் கேள்விக்கே திரும்புங்கள்.

உதகையில் இருக்கிறேன். டிசம்பர் வந்தாலே என் கருவி காலையில் சோம்பல் முறிக்கிறது. குளிருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிச்சயம் உண்டு. உறைபனி இறங்கும் இரவுகளில் பள்ளப் பகுதிகளில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும். சாதாரண அல்கலைன் பேட்டரியின் உள்தடை குளிரில் கூடிவிடும். மதியம் கதவைத் தூக்கிய அதே பேட்டரி, காலை ஆறு மணிக்குத் திணறும். பேட்டரி செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள், வெயில் ஏறியதும் பாருங்கள். வெளியே வைக்கும் கருவிக்கு நிக்கல் வகை பரவாயில்லை. லித்தியம் செல் குளிரில் மின்சாரம் தரும், ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. உள்ளே உலோகம் படிந்து செல் கெட்டுப்போகும், ஆபத்தும்கூட. சூரியப் பலகை வைத்துக் காலையில் தானாகச் சார்ஜ் ஏறும்படி செய்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பற்சக்கரத்தில் பூசிய கிரீஸும் சற்றுக் கெட்டிப்படும், அதனால் முதல் சில அசைவுகள் மந்தமாக இருக்கும்.

இந்த மலையில் குளிரைவிட எனக்குப் பயம் மூடுபனிதான். ஆடி மாதத்தில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் துணியே ஒரு வாரம் காயாது. பொட்டன்ஷியோமீட்டரின் கரித்தடம் மட்டும் காய்ந்திருக்குமா? ஈரம் ஏறியதும் சர்வோ ஓரிடத்தில் நிற்க முடியாமல் ஒரு பாகை அப்படியும் இப்படியும் தடுமாறும். காற்றுப் புகாத பெட்டிக்குள் பூட்டினால் சரியாகிவிடும் என்று முதலில் நானும் நினைத்தேன். பகலில் உள்ளே சிக்கிய ஈரக்காற்று, இரவில் குளிர்ந்து பெட்டியின் உட்சுவரில் நீராகி, நேரே பலகைமேல் சொட்டியது. இப்போது பெட்டியின் அடியில் ஊசித் துளை ஒன்று போடுகிறேன், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று, பற்றவைத்த இடங்களில் நகப்பூச்சு. கம்பிகள் பெட்டிக்குள் கீழிருந்து மேலாக நுழையட்டும். மழைத்துளி கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராது.

மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்ததும் சர்வோ படாரென்று அடிக்கிறது. எப்படித் தடுப்பது?

1932-இலேயே பைக்காராவில் நீர்மின்சாரம் எடுத்த மலை இது. காற்றும் மழையும் வலுத்தால் இருட்டில் உட்காருவதும் நாம்தான். ஆகவே இந்தக் கேள்வியைச் சமவெளிக்காரர்களைவிட நாம் அதிகம் கேட்கிறோம்.

மின்சாரம் திரும்பியதும் அர்டுயினோவுக்குச் சர்வோ எங்கே நிற்கிறது என்று தெரியாது. சர்வோவுக்குத் தெரியும், ஆனால் அது சொல்லாது. முதல் துடிப்பு வந்ததும் இருக்கும் இடத்திலிருந்து கட்டளையின் இடத்துக்கு முழு வேகத்தில் பாயும். மூன்று பரிகாரங்களைச் சேர்த்துச் செய்யுங்கள். சிக்னல் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் தடை ஒன்று. பலகை கண்விழிக்கும் அந்த ஓரிரு வினாடிகளில் சிக்னல் கம்பி அந்தரத்தில் ஆடாமல் இருக்கும். கடைசியாக நின்ற கோணத்தை அர்டுயினோவின் அழியா நினைவகத்தில் எழுதி வையுங்கள், ஆனால் ஒவ்வொரு பாகைக்கும் எழுதாதீர்கள்; ஓர் இடத்தில் ஒரு லட்சம் முறைதான் எழுத உத்தரவாதம். அடுத்து, நிரலில் சர்வோவை முனையோடு இணைக்கும் வரிக்கு முன்பாகவே அந்தக் கோணத்தை அதற்குக் கொடுத்துவிடுங்கள். வரிசை மாறினால், இணைந்தவுடன் நூலகம் தன் வழக்கப்படி நடுவுக்கு அனுப்பிவிடும்.

கதவு மூடியபின் துடிப்பை நிறுத்திவிட்டால் சர்வோ ஓய்வெடுக்கும், பேட்டரியும் மிஞ்சும். ஆனால் பிடிப்பும் போய்விடும். கீரி தள்ளினால் திறக்கும் கதவு என்றால் சர்வோவை நம்பாமல் ஒரு கொக்கியை நம்புங்கள்.

எவ்வளவு எடை தூக்கும்?

எஸ்ஜி90-இன் திருப்புவிசை 4.8 வோல்ட்டில் 1.8 கிலோ-சென்டிமீட்டர். தண்டிலிருந்து 1 செ.மீ. தள்ளித் தொங்கவிட்டால் 1.8 கிலோ, 6 செ.மீ. தள்ளினால் 300 கிராம். இது முட்டி நிற்கும் கணக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 100 கிராமை, நம்பி வேலை செய்யுங்கள்.

கொய்மலர் வளர்க்கும் விவசாயி ஒருவர் தம் பசுமைக்குடிலின் காற்றுத்துளைக் கதவைத் திறக்க எம்ஜி996ஆர் வாங்கி வந்தார். கதவு 30 செ.மீ. நீளம், 600 கிராம். எடையின் மையம் கீலிலிருந்து 15 செ.மீ.; கிடைநிலைக்கு வரும்போது 9 கிலோ-சென்டிமீட்டர். அந்தச் சர்வோ 4.8 வோல்ட்டில் தருவது 9.4. தாள்மீது தேறிவிடும், பந்தலில் தேறாது. அதைவிடப் பெரிய சர்வோ வேண்டும் என்றார். வேண்டாம் என்றேன். கிணற்று ஏற்றத்தில் துலாவின் பின்பக்கம் கல்லைக் கட்டியவர்கள் நம் தாத்தாக்கள்தானே? கீலுக்கு மறுபக்கம் எடை கட்டினோம். இப்போது அந்தக் கதவைச் சுண்டுவிரலால் தள்ளலாம். சர்வோ வெறுமனே வழிகாட்டுகிறது. சுமையைக் குறைக்கும் வழி இருக்கும்போது மோட்டாரைப் பெருக்குவது எனக்குப் பிடிக்காது.

மெதுவாகத் திருப்ப முடியுமா?

முடியும். பிள்ளைகள் 1899-இல் ஓடத் தொடங்கிய மேட்டுப்பாளையம்–குன்னூர் மலை ரயிலுக்கு அட்டையில் மாதிரி செய்தார்கள். கல்லாறிலிருந்து ஏறும் பல்தண்டவாளம், அதற்கு ஒரு ரயில்வே கேட். கேட் கோடரிபோல் விழுந்து அட்டை மாட்டைக் கொன்றது. 30 மில்லிவினாடிக்கு ஒரு பாகை நகர்த்தச் சொன்னோம். 90 பாகைக்கு 2.7 வினாடி, பார்க்க நிஜக் கேட் போலவே. நகர்வுகளுக்கு நடுவில் நிரலைத் தூங்க வைக்காமல் கடிகாரத்தைப் பார்த்து நகர்த்தினால் ரயிலும் கூடவே ஓடும்.

சர்வோ சேர்த்ததும் 9, 10-ஆம் முனைகளில் விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியவில்லை.

யூனோவில் சர்வோ நூலகம் ஒரு டைமரை, அதாவது பலகையின் உள்கடிகாரம் ஒன்றை, எடுத்துக்கொள்கிறது. அந்த இரு முனைகளும் அதை நம்பி இருப்பவை. விளக்கை 3, 5, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். வண்ண விளக்குச் சரம் ஓடும்போது மட்டும் சர்வோ துடித்தால், சரத்துக்குத் தகவல் அனுப்பும் நேரத்தில் அர்டுயினோ மற்ற வேலைகளைத் தள்ளிப்போடுவதே காரணம். அடுத்த பதிலில் மருந்து இருக்கிறது.

ஆறு கால் ரோபோவுக்குப் பன்னிரண்டு சர்வோ வேண்டும்.

யூனோ நேரடியாகவே பன்னிரண்டை ஓட்டும், ஆனால் பிசிஏ9685 பலகை வாங்குங்கள். இரண்டு கம்பிகளில் 16 சர்வோ. துடிப்புகளை அதுவே உருவாக்குவதால் நிரல் தடுமாறினாலும் சர்வோ தடுமாறாது. 20 மில்லிவினாடியை அது 4096 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி 4.88 மைக்ரோவினாடி, நடு நிலைக்கு 307. அதில் சில்லுக்கு ஒரு மின்முனை, சர்வோக்களுக்குத் திருகு வைத்த தனி மின்முனை. சில்லுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு 'பலகை எரிகிறது, சர்வோ அசையவில்லை' என்று வருவது வாடிக்கை. பன்னிரண்டு எஸ்ஜி90 ஒரே கணத்தில் கிளம்பினால் 8 ஆம்பியரைத் தாண்டக்கூடும். ஒவ்வொன்றையும் 50 மில்லிவினாடி இடைவெளியில் எழுப்புங்கள். கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காராததுபோல.

தொடர்ந்து சுற்றும் சர்வோவில் கோணம் கேட்க முடியுமா?

முடியாது. அதில் துடிப்பின் நீளம் வேகத்தைத்தான் சொல்கிறது. 1500-இல் நிற்காமல் ஊர்ந்தால் அடியில் உள்ள சிறு திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

சர்வோவைக் கையால் திருப்பிப் பார்க்கலாமா?

எல்லோரும் செய்கிறார்கள், நானும் செய்கிறேன், செய்யக் கூடாது. மோட்டாரின் பல சுற்றுகள் வெளித்தண்டில் ஒரு சின்ன அசைவாகக் குறைகின்றன. நீங்கள் வெளியிலிருந்து திருப்பும்போது அத்தனை விசையும் நைலான் பற்களில் ஏறுகிறது. மின்சாரம் இருக்கும்போது திருப்பினால் மோட்டாரும் எதிர்த்து நிற்கும். ஒரு பல் போகும். அதன்பின் அந்த இடம் வரும்போதெல்லாம் கிர்ரென்று வழுக்கும்.

கருகிய வாசனை வந்தது. தூக்கி எறிந்துவிடவா?

அடியில் நான்கு திருகுகள். கழற்றிப் பாருங்கள். பல் உடைந்திருந்தால் அதே வகையில் செத்துப்போன வேறொன்றிலிருந்து சக்கரத்தை மாற்றலாம்; என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கிறது, வாருங்கள். மின்சுற்று மட்டும் கருகியிருந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டு, வெளிச்சக்கரத்தில் இருக்கும் தடுப்பைச் சீவி, பொட்டன்ஷியோமீட்டரின் பிடியை விடுவித்தால், பற்சக்கரம் பூட்டிய நல்ல சிறு மோட்டார் கைக்கு வரும். சிறு வண்டிக்குச் சக்கரம் ஓட்ட ஆகும். மோட்டாரே கருகியிருந்தால் திருகுகளை மட்டும் எடுத்து வையுங்கள்.

திறக்கும்போது மேசையில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், சக்கரங்கள் எள்ளைப்போல் ஓடிவிடும். போன மாதம் 'செத்துவிட்டது' என்று ஒரு சிறுமி கொண்டுவந்த சர்வோவைத் திறந்தோம். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நசுங்கிய எறும்பு ஒன்று. ஊசியால் எடுத்துவிட்டு மூடினோம், ஓடுகிறது.